மங்கிப்போன மீட்டர் கண்ணாடி: தேய்ப்பதா, மாற்றுவதா?

பழைய டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். ஆயில் பிரஷர் பார்க்க வேண்டுமென்றால் சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து, தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் வெயிலை மறைத்து, மங்கிய பிளாஸ்டிக்குக்குப் பின்னால் முள் எங்கே நிற்கிறது என்று தேடுவார்கள். பச்சையிலா சிவப்பிலா என்று பாதி ஊகத்தில்தான் சொல்ல முடியும். ஊகம் தப்புகிற நாளில் எஞ்சின் போய்விடும்.

என் டிராக்டரில் ஐந்து மீட்டர்கள்: ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், ஆம்பியர், டீசல், அப்புறம் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டரோடு சேர்ந்த ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர். ஐந்தும் ஐந்து விதமாக மங்கியிருந்தன. இரண்டைத் தேய்த்தே தெளிய வைத்தேன். ஒன்றை நானே கெடுத்து, அதற்குப் புதுக் கண்ணாடி வெட்ட வேண்டி வந்தது. ஒன்றை மீட்டரோடு மாற்றினேன். இன்னொன்றைத் தொடவே இல்லை. பிளாஸ்டிக்கைப் போய்க் கண்ணாடி என்கிறானே என்று யோசிக்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பாலிஷ் நல்லது?" என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு இருக்கின்றன: மங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது? கண்ணாடியைப் பிடித்திருக்கும் உலோக வளையம் கழலுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாலிஷ் எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரு சொட்டுத் தண்ணீர்

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு விரல் தண்ணீர் போதும். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகு, விரலை நனைத்து நடுவில் ஒரு கோடு இழுங்கள். ஈரம் பட்ட இடத்தில் மட்டும் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்து, ஈரம் காயக் காய மறுபடி மங்கினால் நல்ல செய்தி. கோளாறு வெளிப்பரப்பில்தான். வெயிலும் தூசியும் சேர்ந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியிருக்கின்றன. அந்த நுண்ணிய பள்ளங்களில் ஒளி சிதறுவதுதான் நமக்கு மங்கலாகத் தெரிகிறது. தண்ணீர் பள்ளங்களை நிரப்பும்போது சிதறல் குறைகிறது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்தாலே பாதி வித்தியாசத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. தேய்த்துச் சமன்படுத்தினால் இதைவிடத் தெளிவாக வரும் என்று நம்பலாம்.

ஈரம் பட்டும் மாற்றமே இல்லையென்றால் மங்கல் உள்பக்கத்தில் இருக்கிறது, அல்லது பிளாஸ்டிக்கின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்க வைத்தாற்போல் பிடித்துப் பாருங்கள். வெள்ளி இழை மாதிரி நுண்ணிய வெடிப்புகள் மின்னினால் அது உள்ளே ஓடிய வெடிப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒரு அடுக்கு எடுத்தால் அடுத்த அடுக்கிலும் அதுவே இருக்கும். இழை எதுவும் இல்லாமல், எண்ணெய் தடவினாற்போலப் படலம் மட்டும் தெரிந்தால் அது உள்பக்க அழுக்கு. கழற்ற முடிந்தால் கழுவினாலே போய்விடும்.

ஆம்பியர் மீட்டரிலும் ஆர்பிஎம் மீட்டரிலும் ஈரக்கோடு அழகாகத் தெளிந்தது. ஆயில் பிரஷரில் துளி மாற்றமும் இல்லை. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

எந்தப் பிளாஸ்டிக்?

ரொம்பப் பழைய மீட்டர்களில் நிஜக் கண்ணாடியே இருக்கும். நகத்தால் தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும், கண்ணாடி கணீரென்னும், பிளாஸ்டிக் மொத்தென்னும். நிஜக் கண்ணாடி வெயிலில் மங்காது. அழுக்காகத்தான் இருக்கும், கழுவினால் போதும்.

பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் அக்ரிலிக், இல்லாவிட்டால் பாலிகார்பனேட். அக்ரிலிக் வெயிலை நன்றாகத் தாங்கும், அவ்வளவாக மஞ்சளாகாது, ஆனால் அடிபட்டால் உடையும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், ஆனால் சுலபமாகக் கீறல் விழும், வெயிலில் மஞ்சளாகும். ஆக, வருஷக்கணக்கில் வெட்டவெளியில் நின்ற வண்டியில் கண்ணாடி தேன் நிறத்துக்கு வந்திருந்தால் பாலிகார்பனேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளுத்து, கீறலோடு, ஆனால் மஞ்சளாகாமல் இருந்தால் அக்ரிலிக்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி கரைப்பான்கள். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் பக்கத்திலேயே வரக்கூடாது. அமோனியா கலந்த ஜன்னல் கண்ணாடி கிளீனரும் வேண்டாம். அக்ரிலிக்கில் ஆல்கஹால்கூட ஆபத்து. வளையத்துக்குள் இறுக்கிப் பிடிக்கப்பட்டு, உள்ளுக்குள் இழுவிசையோடு இருக்கும் அக்ரிலிக்கில் ஆல்கஹால் பட்டால் சில நிமிஷங்களில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். பயிருக்கு அடிக்கும் மருந்துகள் பலவற்றிலும் இந்த வகைக் கரைப்பான்கள் உண்டு. தெளிப்பு வேலைக்குப் போய்வரும் வண்டிகளின் கண்ணாடி சீக்கிரம் கெடுவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

நான் கெடுத்தது டெம்பரேச்சர் மீட்டரை. வளையத்தில் பெயின்ட் தெறித்திருந்தது. துணியில் தின்னரை நனைத்து ஒரே இழுப்பு. பெயின்ட் போனது. கண்ணாடியில் துணி பட்ட இடமெல்லாம் ஒட்டும் பதத்துக்கு வந்து, காய்ந்ததும் பனி படிந்தாற்போல் வெள்ளையானது. உள்ளதும் போச்சு.

கையால் பாலிஷ்

லேசான மங்கலுக்கு இது போதும், முதலில் முயல வேண்டியதும் இதுதான். பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பாலிஷ், மென்மையான பருத்தித் துணி, பத்திருபது நிமிஷம். வளையத்தைக் கழற்ற வேண்டியதில்லை. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, துடைத்துப் பார்த்து, திரும்பவும் தேய்க்கலாம்.

டூத்பேஸ்ட் பற்றிக் கேட்பீர்கள். வேலை செய்யும். அதில் சிலிக்காவோ சுண்ணமோ நுண்துகளாக இருக்கிறது, அதுதான் தேய்க்கிறது. ஜெல் வேண்டாம், வெள்ளைப் பேஸ்ட் எடுங்கள். ஆனால் துகள் அளவு பேஸ்ட்டுக்குப் பேஸ்ட் மாறும், முடிவு சீராக வராது. பாலிஷ் கிடைக்கிற இடத்தில் பேஸ்ட்டைப் பல் துலக்க வைத்துக்கொள்வது நல்லது.

கொசு விரட்டி ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் கண்ணாடி புதுசு போல ஆகும் என்று காட்டுகிறவர்களும் உண்டு. அடித்த அன்று உண்மையிலேயே பளபளக்கும். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்கிப் பள்ளங்களை வழித்துவிடுகிறது. கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். போதாக்குறைக்கு, இளகிய தோல் முன்னைவிட மோசமாக வெடிக்கும். நான் தின்னரால் தெரியாமல் செய்ததை இது மெதுவாகச் செய்கிறது.

ஆம்பியர் மீட்டர் கைப் பாலிஷிலேயே முடிந்தது.

வாட்டர் பேப்பர் போட்டு, பிறகு பாலிஷ்

நகத்தால் நெருடினால் கீறல் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் பாலிஷ் மட்டும் போதாது. கீறலின் அடி வரைக்கும் மேற்பரப்பை இறக்க வேண்டும். வாட்டர் பேப்பர் என்பது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக்கூட நைசாக இருக்கும். 800 அல்லது 1000 நம்பரில் தொடங்கி 1500, 2000, முடிந்தால் 3000 வரை போய், கடைசியில் பாலிஷ். ஆழமான கீறல் இல்லையென்றால் 1500-இலிருந்தே தொடங்கலாம். தேவைக்கு மேல் முரட்டுத் தாளில் தொடங்குவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தப்பு. அந்தத் தாள் போட்ட கீறலை எடுக்கவே அடுத்த ஒரு மணி நேரம் போகும்.

தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்ற வேண்டும். 1000-த்தில் இடவலமாகத் தேய்த்தால் 1500-இல் மேல்கீழாக. மேல்கீழ்க் கோடுகள் மட்டும் தெரிந்து இடவலக் கோடு ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அடுத்த தாள். நம்பர் மாறும்போது கண்ணாடியையும் கையையும் கழுவுங்கள். முந்தின தாளின் ஒரே ஒரு மணல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கடைசியில் பாலிஷ் போடும்போது ஒரு நீளக் கோடாக அது பல்லைக் காட்டும்.

2000 முடிந்த நிலையில் கண்ணாடி பால் போல வெளுத்து, தொடங்கும்போது இருந்ததைவிட மோசமாகத் தெரியும். அங்கே மனம் தளர்ந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. வெளுப்பு சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சீரான வெளுப்பு பாலிஷில் கரைந்துவிடும். ஒரே கீறலை ஒரே இடத்தில் விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தால் அங்கே குழி விழும். அது தெளிவாக இருந்தாலும் முள் வளைந்து தெரியும். தட்டையான கண்ணாடிக்குத் தாளை ஒரு ரப்பர் துண்டில் சுற்றிக்கொள்ளலாம். குவிந்த கண்ணாடிக்கு ஸ்பாஞ்ச்.

டிரில்லில் பஃபிங் வட்டைப் போட்டு வேகமாக முடிக்கலாமே என்றால், முடிக்கலாம், சூடு கையை மீறாத வரை. அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். பாலிகார்பனேட்டுக்கு அது 147 வாக்கில். ஓடுகிற வட்டை ஒரே இடத்தில் சில வினாடிகள் நிறுத்தினால் அக்ரிலிக் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும், பரப்பு இழுபட்டு அலை அலையாகும். இவ்வளவு சின்ன வட்டத்துக்கு இயந்திரம் எதற்கு என்பது என் அபிப்பிராயம்.

ஆர்பிஎம் மீட்டரை இந்த வழியில்தான் மீட்டேன். குவிந்த கண்ணாடி என்பதால் வேறு வழியும் இல்லை. அந்த வளைவில் புதுசு வெட்டி எடுக்க முடியாது.

மேலே கிளியர் கோட் வேண்டுமா?

கிளியர் கோட் என்றால் மேலே அடிக்கும் நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. சுருக்கமாகச் சொன்னால், அக்ரிலிக்குக்கு வேண்டாம், பாலிகார்பனேட்டுக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு வேண்டும். தேய்த்த பாலிகார்பனேட்டை அப்படியே வெயிலில் விட்டால் மறுபடி மங்கும். ஹெட்லைட்டுக்கு விற்கும் கிட்டில் வரும் பூச்சு இதற்குத்தான். ஆனால் ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் மீட்டர் கண்ணாடியையே கடித்துவிடலாம். ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்காமல் முழுசாக அடிக்காதீர்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாக கிளியர் கோட் நன்றாக உழைக்கும்தான். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, சாதாரணத் துணி முகமூடி அதற்குத் தடையே இல்லை. உள்ளங்கையளவு பிளாஸ்டிக்குக்காக இந்த வம்பில் இறங்குவதைவிட, யுவி தடுப்புள்ள மெழுகை அவ்வப்போது பூசிவிட்டு, வண்டி நிற்கும்போது டேஷ்போர்டின் மேல் ஒரு சாக்கைப் போட்டு வைப்பது மேல்.

புதுக் கண்ணாடி: வளையம்தான் பிரச்சினை

இப்போது இரண்டாவது கேள்வி. தட்டையான வட்டக் கண்ணாடியாக இருந்து, வளையம் கழன்றுவிட்டால், தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். புதுசு வெட்டிப் போடுவதுதான் சுலபம், தெளிவும் முழுசாகக் கிடைக்கும். இந்த ஒப்பீட்டில் நான் உறுதியாகப் பக்கம் சாய்கிற இடம் இதுதான். பலரும் தேய்ப்பதை எளிய வழி என்றும் மாற்றுவதைக் கடைசி வழி என்றும் நினைக்கிறார்கள். தட்டைக் கண்ணாடி விஷயத்தில் அது தலைகீழ்.

கடினமானது கண்ணாடி வெட்டுவது அல்ல, வளையத்தைத் திறந்து மூடுவது. பல மீட்டர்களில் வளையத்தின் பின் விளிம்பு டப்பாவின் உதட்டின் மேல் மடித்து நசுக்கப்பட்டிருக்கும். மீட்டரைத் துணி விரித்த மேஜையில் கவிழ்த்து வைத்து, முனை மழுங்கிய சின்ன ஸ்குரூடிரைவரால் அந்த மடிப்பை நிமிர்த்த வேண்டும். ஒரே இடத்தில் முழுசாக நிமிர்த்தக் கூடாது. ஒரு சுற்றில் கொஞ்சம், அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் என்று மூன்று நான்கு சுற்றில் எழுப்புங்கள். அவசரப்பட்டால் தகடு கிழியும். நிமிர்த்தி மடிக்க மடிக்கத் தகடு விறைத்துக்கொண்டே போகும் என்பதால் இந்த வேலை ஒரு தடவைக்குத்தான் உத்தரவாதம். திறந்த அன்றே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முள்ளிலும் தடிப்பாகப் பூசி, அது பழுப்பேறி உதிர்கிற நிலையில் இருந்தால், அந்த மீட்டரைத் திறக்க வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இப்படிப்பட்ட பூச்சுகளில் கதிரியக்கமுள்ள ரேடியம் சேர்த்தார்கள், அதன் துகளை மூச்சில் இழுக்கக் கூடாது.

டெம்பரேச்சர் மீட்டர் எஞ்சினோடு நூல் போன்ற செப்புக் குழாயால் இணைந்த வகையாக இருந்தால் இன்னொரு கவனம். அந்தக் குழாய்க்குள் அடைத்திருக்கும் திரவம்தான் முள்ளை நகர்த்துகிறது. குழாய் ஒரு இடத்தில் மடங்கி ஒடிந்தால் மீட்டர் அத்தோடு செத்தது. எஞ்சின் முனையில் இருக்கும் குமிழையும் சேர்த்துக் கழற்றி, குழாயைப் பெரிய வட்டமாகச் சுருட்டி வையுங்கள்.

பழைய கண்ணாடியின் தடிமனை அளந்து அதே தடிமனில்தான் புதுசு எடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலே மடிப்பு திரும்ப உட்காராது. 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் பல மீட்டருக்குப் பொருந்தும். பழைய கண்ணாடியை மேலே வைத்துக் கோடு போட்டு, சற்றுப் பெரிதாக அறுத்து, ஓரத்தைத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவரலாம். பாதுகாப்புத் தாளைக் கடைசி நிமிஷம் வரை உரிக்காதீர்கள். லேசரில் வெட்டித் தருகிற இடம் இருந்தால் ஓரம் பளிங்கு போல வரும். பாலிகார்பனேட் லேசருக்கு ஒத்துவராது, ஓரம் கருகிப் பழுப்பாகும். வெயிலில் நிற்கும் வண்டி என்பதால் எப்படியும் என் ஓட்டு அக்ரிலிக்குக்கே.

நிஜக் கண்ணாடியே போட்டால் என்ன? போடலாம். கீறல் விழாது, மங்காது, எந்தக் கிளீனரும் ஒன்றும் செய்யாது. ஆனால் அதிர்வில் உலோகத்தோடு நேரடியாக உரசினால் ஓரத்தில் சில்லு தெறிக்கும், இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் வேண்டும். கல் தெறிக்கிற வேலைக்குப் போகும் வண்டியில் நான் போட மாட்டேன். அலங்காரத்துக்கு நிறுத்தியிருக்கும் வண்டி என்றால் கண்ணாடிதான் அழகு.

மூடும்போது இரண்டு பசைகளைத் தொடாதீர்கள். சூப்பர் குளூவின் ஆவி மூடிய மீட்டருக்குள் சுற்றி, புதுக் கண்ணாடியின் உள்பக்கத்தில் வெள்ளையாகப் படியும். பட்ட பாடெல்லாம் வீண். காடி வாசம் அடிக்கிற சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், உள்ளேயிருக்கும் செம்பும் இரும்பும் அரிக்கும். வாசம் இல்லாத நியூட்ரல் சிலிகான் ஒரு மெல்லிய கோடு போதும். இன்னொன்று, சில மீட்டர்களில் எண்களோ சிவப்புக் கோடோ கண்ணாடியின் உள்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அப்படிப்பட்ட கண்ணாடியின் உள்பக்கத்தைத் தேய்க்கவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. டயலின் மேல் எந்தத் திரவமும் படக்கூடாது, தூசியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டினாலே போதும்.

மீட்டரையே மாற்றுவது

ஆயில் பிரஷர் மீட்டரில் ஈரக்கோடு தெளியவில்லை என்றேனே, வளையத்தைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க மெல்லிய எண்ணெய்ப் படலம். இந்த வகை மீட்டரில் எஞ்சின் ஆயிலே குழாய் வழியாக மீட்டருக்குள் வந்து, ஒரு வளைந்த தட்டைக் குழாயை நிமிர்த்துவதால்தான் முள் நகர்கிறது. அந்தக் குழாய் கசியத் தொடங்கிவிட்டது. மங்கல்தான் எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. இங்கே பாலிஷ் பற்றிப் பேசுவதே தவறு, மீட்டர்தான் மாற வேண்டும்.

மற்ற மீட்டர்களை வெறும் மங்கலுக்காக மாற்றுவதற்கு முன் யோசியுங்கள். டீசல் மீட்டர் டேங்கிலுள்ள மிதவையின் மின்தடைக்குப் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் பாதி டேங்கை முழு டேங்க் என்று காட்டும். ஆர்பிஎம் இன்னும் வம்பு. பிடிஓ, அதாவது டிராக்டரில் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு, நிமிஷத்துக்கு 540 சுற்றுக்கு வரும் இடத்தை டயலில் குறித்திருப்பார்கள். அந்த 540-க்கு எஞ்சின் எத்தனை சுற்று ஓட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறு. கேபிளில் ஓடும் மீட்டர் என்றால் உள்ளே இருக்கும் பல்சக்கர விகிதமும் மாறும். வட்டம் பொருந்துகிறதே என்று வேறு மாடலின் மீட்டரைப் போட்டால் முள் தைரியமாகப் பொய் சொல்லும். கூடவே, வண்டி ஓடிய மணிக்கணக்கும் பழைய ஹவர் மீட்டரோடு போய்விடும். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் அந்த எண்ணை எழுதி வையுங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய மீட்டர் வாங்குவதில் இன்னொரு வேடிக்கை, அதன் கண்ணாடியும் இதே வெயிலில்தான் வயதாகியிருக்கும்.

டீசல் மீட்டரை நான் தொடவே இல்லை. அது வேலை செய்து பல வருஷமாகிறது. டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்துப் பழகிவிட்ட பிறகு அதன் கண்ணாடி தெளிந்து என்ன ஆகப்போகிறது!

கடைசியாக ஒரு சின்ன விஷயம், எனக்கு அரை நாள் தூக்கத்தைக் கெடுத்தது. பாலிஷ் முடித்து உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்த பிறகு ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஏறி நின்றது. வண்டி அணைத்துத்தான் இருந்தது, தட்டினாலும் இறங்கவில்லை. வயரிங்கையெல்லாம் பிரித்துத் தேடினேன். உலர்ந்த துணி பிளாஸ்டிக்கில் ஏற்றிய நிலைமின்சாரம்தான் அந்த மெல்லிய முள்ளை இழுத்துப் பிடித்திருந்தது. மறுநாள் தற்செயலாகக் கிட்டப் போய், கண்ணாடியில் ஹா என்று ஊதித் துடைக்கப் பார்த்தேன். துணி படுவதற்கு முன்பே, மூச்சின் ஈரத்தில் முள் மெதுவாக நடுவுக்கு வந்து நின்றது.